எந்த கேம் உருவாகும் என்பதில் நம் கை எவ்வளவு தூரம் எட்டும்?

கேள்வி இதுதான்: பிடித்த பழைய தொடருக்கு அடுத்த பாகம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போடுகிறோம், ஒன்றும் நடப்பதில்லை. வெளிவந்ததை வாங்குவதைத் தவிர, எந்த கேம் உருவாக வேண்டும் என்பதில் விளையாடுபவர்களுக்கு ஏதாவது பிடி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் நாம் வழக்கமாகத் தட்டுகிற கதவு அது இல்லை. ஒரு கேமை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மூன்று கணக்குகளைப் பார்ப்பார். செய்து முடிக்க எவ்வளவு ஆகும்? எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவார்கள்? அந்த இரண்டாவது எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? முதல் கணக்கு நம் கையில் இல்லை. இரண்டாவதில் கொஞ்சம் செய்யலாம். மூன்றாவதில்தான் ரசிகர்களின் பலம் இருக்கிறது. "வாங்குவார்கள் போலிருக்கிறது" என்ற ஊகத்தை "வாங்குகிறார்கள்" என்று காட்டிக் கொடுக்க நம்மால் முடியும். மனுவில் போடும் கையெழுத்து ஆசையைக் காட்டும், காசைக் காட்டாது. அதனால்தான் அது பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது.

அளவு புரிய இரண்டு எண்கள். மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவது தொடர்பான அமெரிக்க வழக்கில் 2023இல் சரியாக மறைக்கப்படாத சோனி ஆவணம் ஒன்று வெளியே வந்தது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' செய்ய சுமார் 22 கோடி டாலர் ஆனதாக அதில் இருந்தது. 10,000 பேர் ஆளுக்கு 60 டாலர் கொடுக்கத் தயார் என்று சத்தியம் செய்தாலும் மொத்தம் 6 லட்சம் டாலர். 22 கோடிக்கு முன்னால் அது கண்ணில் படாது. இப்போது இன்னொரு பக்கம்: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சிறு குழு, 2014 இறுதியில், பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்டது 35,000 ஆஸ்திரேலிய டாலர், கிடைத்தது 57,000 சொச்சம். கொடுத்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். அந்தக் காசில் வளர்ந்து 2017இல் வந்தது 'ஹாலோ நைட்'. ஹார்னெட் என்ற பாத்திரமாகவும் விளையாடலாம் என்று அந்த ஆதரவாளர்களுக்குக் கொடுத்த கூடுதல் வாக்குறுதி பெருத்துப் பெருத்து, 2025 செப்டம்பரில் 'சில்க்சாங்' என்ற தனி கேமாகவே வெளியானது. ஆளுக்கு இருபத்தைந்து டாலர் சொச்சம் போட்டவர்களால் இரண்டு கேம்கள்.

ஆக, புதிய பெரிய கேம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து செய்ய வைப்பது நம் சக்திக்கு ஏறக்குறைய அப்பாற்பட்டது. சிறிய கேம்களை, அவை சிறியதாக இருக்கும்போதே, பிழைக்க வைப்பது முழுக்க நம் சக்திக்கு உட்பட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளமான இடம் இருக்கிறது: வேலையில் முக்கால் பங்கு ஏற்கெனவே முடிந்திருக்கும் விஷயங்கள். மொழிபெயர்ப்பு, வேறு கருவிக்கு (இன்னொரு கன்சோலுக்கோ கணினிக்கோ) மாற்றம், மூடிய பழைய பதிப்பைத் திரும்பத் திறப்பது. வெற்றி பெற்ற ரசிகர் இயக்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் வென்றிருக்கின்றன.

2011இல் நடந்த 'ஆபரேஷன் ரெயின்ஃபால்' இதற்குச் சரியான பாடம். நிண்டெண்டோவின் வீ கன்சோலுக்கு ஜப்பானில் வந்த மூன்று கேம்கள், 'ஜீனோபிளேட் க்ரானிக்கிள்ஸ்', 'தி லாஸ்ட் ஸ்டோரி', 'பண்டோராஸ் டவர்', வட அமெரிக்காவுக்கு வருவதாக இல்லை. ரசிகர்கள் கடிதமும் மின்னஞ்சலும் அனுப்பினார்கள். அதோடு நிற்காமல் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள். 'மொனாடோ' என்ற பழைய பெயரில் ஜீனோபிளேடுக்கு அமேசானில் ஒரு பக்கம் கிடந்தது. அத்தனை பேரும் போய் அதில் முன்பதிவு செய்தார்கள். பொருளை அனுப்பும்போதுதான் அமேசான் காசு எடுக்கும் என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வெளியாகும் என்று யாரும் அறிவிக்காத கேம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை "இப்போதைக்குத் திட்டம் இல்லை" என்றுதான் முதலில் பதில் சொன்னது. டிசம்பரில் வெளியீட்டை அறிவித்தது, 2012 ஏப்ரலில் கேம் வந்தது. மற்ற இரண்டையும் எக்ஸ்சீட் என்ற சிறிய நிறுவனம் 2012இலும் 2013இலும் கொண்டுவந்தது.

இது ஏன் பலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நிண்டெண்டோவின் ஐரோப்பியக் கிளை 2011 ஆகஸ்டிலேயே ஜீனோபிளேடை ஆங்கில உரையோடும் குரலோடும் வெளியிட்டுவிட்டது. மொழிபெயர்ப்புச் செலவு முடிந்த செலவு. அமெரிக்காவில் மிச்சம் இருந்தது கேம் வட்டு அச்சிடுவதும் விநியோகமும்தான். அதையும் கேம்ஸ்டாப் கடைகளிலும் தங்கள் சொந்த இணையக் கடையிலும் மட்டும் விற்றுச் சரக்குத் தேங்கும் ஆபத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இயக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் செலவு ஏற்கெனவே குறைந்திருந்த இடத்தில், வாங்க ஆள் இருக்கிறது என்பதற்குப் பொதுவில் ஓர் எண்ணைக் காட்டினார்கள். கேட்டவர்களின் திறமை அதுதான்.

'டார்க் சோல்ஸ்' கணினிக்கு வந்த கதையும் இதே வகை, ஒரு எச்சரிக்கையோடு. 2012 தொடக்கத்தில் சுமார் 93,000 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள், ஆகஸ்டில் கணினிப் பதிப்பு வந்தது. ஆனால் அந்த ஸ்டூடியோவுக்குக் கணினி அனுபவம் குறைவு. படம் 1024க்கு 720 என்ற அளவிலும் நொடிக்கு 30 படச்சட்டங்களிலும் (ஃப்ரேம்) பூட்டப்பட்டிருந்தது. வெளியான சில மணி நேரத்தில் ஒரு ரசிகர் போட்ட டிஎஸ்ஃபிக்ஸ் என்ற சிறு நிரல்தான் முதல் பூட்டைத் திறந்தது. கேட்கும்போது "கொண்டு வாருங்கள்" என்று மட்டும் கேட்டால், கொண்டு மட்டும்தான் வருவார்கள். எந்தத் தெளிவுத்திறன், எந்த வேகம், விசைப்பலகை ஆதரவு வேண்டுமா என்பதையும் கோரிக்கையிலேயே எழுதுங்கள்.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்' இன்னும் ஆழமான உதாரணம். பழைய பதிப்பை மறுபடி திறப்பீர்களா என்று 2013இல் ஒரு ரசிகர் அந்த கேமைச் செய்த பிளிசார்ட் நிறுவனத்தின் விழா மேடையில் கேட்டபோது, உங்களுக்கு அது வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்ற தொனியில் பதில் வந்தது. இதற்கிடையில் நாஸ்டால்ரியஸ் என்ற அனுமதியில்லாத தனிச் சர்வர் பழைய பதிப்பை இலவசமாக நடத்திக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரலில் சட்ட நோட்டீஸ் வந்து மூடும்போது, அவர்கள் சொன்ன கணக்குப்படி பதிவுசெய்தவர்கள் 8 லட்சம், தொடர்ந்து விளையாடியவர்கள் ஒன்றரை லட்சம். மனுவில் இரண்டரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து. ஆனால் முடிவைத் திருப்பியது கையெழுத்து என்று நான் நினைக்கவில்லை, அந்த ஒன்றரை லட்சம்தான். பழைய பதிப்பில் மாதக்கணக்காக உட்கார்ந்து விளையாட ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அதற்கு மேல் ஊகமாக இல்லை. சர்வரை நடத்தியவர்களை பிளிசார்ட் அலுவலகத்துக்கே அழைத்துப் பேசினார்கள். 2017 நவம்பரில் அறிவிப்பு, 2019 ஆகஸ்டில் வெளியீடு. தனிச் சர்வர் நடத்துவது உரிமைச் சட்டத்தை மீறுவது, அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்துக்கொள்ள வேண்டியது, விளையாடிய நேரம் கையெழுத்தைவிடக் கனமான ஆதாரம் என்பதை.

தோற்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2010இல் 'மெகா மேன் லெஜண்ட்ஸ் 3' அறிவித்து, ரசிகர்களையே வடிவமைப்பில் சேர்த்துக்கொண்டது. படங்கள் அனுப்பினார்கள், வாக்களித்தார்கள். 2011 ஜூலையில் திட்டம் ரத்து. காரணம் எளிமையானது: ரசிகர்கள் உழைத்த அத்தனை மாதமும் அந்தத் திட்டத்துக்கு முழு உற்பத்தி அனுமதி கிடைக்கவே இல்லை. இப்படி ஒரு அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா?" என்பதுதான். ஒதுக்கவில்லை என்றால் உங்கள் உழைப்பை அளந்து கொடுங்கள்.

பழைய கேம் ஒன்றைக் கேட்கப் போகிறீர்கள் என்றால், உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். செய்த ஸ்டூடியோவிடமே இருக்கும் என்று நினைக்கக் கூடாது, பெரும்பாலும் வெளியீட்டாளரிடம் இருக்கும். கார், இசை, விளையாட்டு வீரர்கள் உள்ள கேம் என்றால் அந்த உரிமங்கள் காலாவதியாகியிருக்கும். ஒவ்வொன்றையும் புதுப்பிக்கச் செலவாகும் என்பதால் அப்படிப்பட்டவை எளிதில் திரும்பாது. பிறகு ஒரே ஒரு கேம், ஒரே ஒரு கருவி என்று கோரிக்கையைச் சுருக்குங்கள். "தொடர் முழுவதும் எல்லாக் கன்சோலுக்கும்" என்றால் யாரும் விலை போட முடியாது. எந்த நாடு, என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்பதைச் சேருங்கள். பழைய கேம்களுக்குப் பேர்போன காக் (GOG) என்ற இணையக் கடை 2025 ஜனவரியில் 'ட்ரீம்லிஸ்ட்' என்ற வாக்குப் பட்டியலைப் புதுப்பித்தது. உரிமையாளரிடம் பேரம் பேசப் போகும்போது அந்த எண்ணைத்தான் எடுத்துப் போகிறார்கள். காப்காம் 2024இல் ரசிகர்களிடம் நடத்திய தேர்தலில், தொடர்ச்சி வேண்டும் என்ற கேள்விக்கு 'டினோ க்ரைசிஸ்' முதலிடம் பிடித்தது. புதிய பாகம் வரவில்லை. ஆனால் பழைய இரண்டு பாகங்களும் 2025 ஜனவரியில் காக் கடைக்கு வந்தன. கேட்டது பெரியது, கிடைத்தது செலவு குறைந்தது. இந்தத் துறையின் இயல்பு அது.

இனி அன்றாடம் செய்யக்கூடியவை. கணினியில் விளையாடுபவர்களுக்கு ஸ்டீம் என்ற இணையக் கடைதான் முதன்மையான கருவி, அதில் பலர் கவனிக்காத பொத்தான் விஷ்லிஸ்ட், அதாவது வாங்க நினைப்பவற்றைக் குறித்துவைக்கும் பட்டியல். கேம் வெளியாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கடைப் பக்கம் திறந்திருக்கும். எத்தனை பேர் விஷ்லிஸ்டில் சேர்த்தார்கள், எந்த நாட்டிலிருந்து என்பதை ஸ்டூடியோ பார்க்கும். முதலீடு கேட்டு வெளியீட்டாளரிடம் போகும்போது முதலில் காட்டுவது அந்த எண்ணைத்தான். ஸ்டீமின் முகப்பில் 'விரைவில் வரும் பிரபலமானவை' பட்டியலில் இடம்பிடிக்கவும் அது வேண்டும். 7,000 முதல் 10,000 வரை தேவை என்று சிறு ஸ்டூடியோக்கள் கணக்குப் போடுகின்றன, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்த எண்ணை வெளியிடுவதில்லை. வெளியாகும் நாளில் விஷ்லிஸ்டில் வைத்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போகும், பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி வரும்போதும் போகும். ஆகவே வெளியாகாத சிறிய கேமை விஷ்லிஸ்டில் சேர்ப்பதற்கு இருக்கும் மதிப்பு, வெளியான பெரிய கேமைச் சேர்ப்பதற்கு இல்லை. அதே சமயம், வாங்கும் எண்ணமே இல்லாமல் நட்புக்காக நூறு கேம்களைச் சேர்க்காதீர்கள். 20,000 விஷ்லிஸ்டை நம்பி ஆள் சேர்த்த ஸ்டூடியோ, முதல் வாரத்தில் சில நூறு பிரதி விற்று நிற்பது நிஜமான ஆபத்து.

பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என வருடம் மூன்று முறை ஸ்டீமில் 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' ஒரு வாரம் நடக்கும், ஆயிரக்கணக்கான இலவச டெமோக்கள் வரும். ஒரு கேம் தன் வாழ்நாளில் ஒரே முறைதான் கலந்துகொள்ள முடியும். அந்த ஒரு வாரம் போனால் போனதுதான். நேரம் குறைவாக இருப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், இந்த மூன்று வாரங்களில் பெயர் தெரியாத நாலைந்து டெமோக்களை விளையாடிப் பாருங்கள்.

விமர்சனம் எழுதுவதில் ஒரு நுணுக்கம். காசு கொடுத்து ஸ்டீமிலேயே வாங்கியவர்களின் விமர்சனம் 10 சேர்ந்தால்தான் கடைப் பக்கத்தில் மதிப்பீடு தோன்றும். ஒன்பது பேர் பாராட்டியிருந்தாலும் அந்த இடத்தில் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும், பார்ப்பவர்கள் தயங்கிப் போய்விடுவார்கள். உங்கள் நான்கு வரி அந்தப் பத்தாவதாக இருக்கலாம். வெளிக் கடையில் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கி ஏற்றியவர்களின் விமர்சனம் பக்கத்தில் தெரியும், மதிப்பீட்டில் சேராது. அதிகாரபூர்வமில்லாத சாம்பல் சந்தையில் மலிவாக விற்கும் கீக்களைத் தவிர்ப்பது நல்லது. திருட்டு அட்டைகளில் வாங்கிய கீக்கள் அங்கே புழங்குகின்றன, அட்டைக்குச் சொந்தக்காரர் புகார் செய்யும்போது பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ஸ்டூடியோவோ அதன் கடையோதான்.

வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது தெரிந்திருக்கும். திருப்பிக் கேட்கும்போது எழுதும் காரணத்தை ஸ்டூடியோ படிக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. "பிடிக்கவில்லை" என்று முடிக்காமல், "கன்ட்ரோலரில் மெனு நகரவில்லை", "எழுத்து சிறியதாக இருக்கிறது, பெரிதாக்க வழி இல்லை" என்று ஒரு வரி எழுதினால் அடுத்த பேட்சில் அது சரியாக வாய்ப்பு உண்டு.

கிக்ஸ்டார்ட்டரில் பணம் போடுவது எல்லாவற்றையும்விட நேரடியான செல்வாக்கு, ஆபத்தும் அதில்தான் அதிகம். அது கடை அல்ல. இலக்கை எட்டாவிட்டால் யாரிடமும் காசு எடுக்கமாட்டார்கள். எட்டிவிட்டால், கேம் வராமல் போனாலும் திரும்பக் கிடைப்பது கஷ்டம். 'டபுள் ஃபைன் அட்வெஞ்சர்' 2012இல் கேட்டது 4 லட்சம் டாலர், வந்தது 33 லட்சம். காசு கூடியதும் கேமின் அளவும் கூடியது. கடைசியில் 'ப்ரோக்கன் ஏஜ்' என்ற பெயரில் 2014இலும் 2015இலும் இரண்டு பாதியாக வெளியிட வேண்டிவந்தது. 'மைட்டி நம்பர் 9' 2013இல் 38 லட்சம் டாலர் திரட்டியது, ஒரே நேரத்தில் அத்தனை கருவிகளுக்கும் தருவதாகச் சொல்லி, ஒரு வருடத்துக்கு மேல் தாமதமாக 2016இல் வந்து ஏமாற்றியது. இலக்கைத் தாண்டியதும் அடுக்கடுக்காகச் சேர்க்கும் கூடுதல் வாக்குறுதிகள்தான் இந்தத் திட்டங்களைக் கெடுக்கும் முதல் நோய். ஒவ்வொரு புதிய கருவியும் தனிச் சோதனை, தனிச் சான்றிதழ், தனிப் பிழைகள்.

எனவே காசு போடுமுன் பாருங்கள்: விளையாடும் நிலையில் டெமோவோ, வெட்டாத காணொளியோ இருக்கிறதா? குழுவில் எத்தனை பேர், எத்தனை மாதம் என்று சொல்கிறார்களா? ஆளையும் மாதத்தையும் பெருக்கி, அந்த ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இலக்குத் தொகை பொருந்துகிறதா? ஐந்து பேர் இரண்டு வருடம் உழைக்க 30,000 டாலர் என்றால், மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களே சொல்லியிருக்க வேண்டும். 'ப்ளட்ஸ்டெயின்ட்' அதைச் சொன்னது. 2015இல் 5 லட்சம் டாலர் கேட்டபோதே, மொத்தச் செலவில் அது ஒரு சிறு பங்குதான், இதற்கு ஆள் இருக்கிறது என்று காட்டினால் மீதியைத் தர முதலீட்டாளர் தயார் என்று விளக்கினார்கள். 55 லட்சம் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் தாமதமாகி, வீ யூ, வீட்டா கருவிகளுக்கான பதிப்புகளைக் கைவிட்டாலும், 2019இல் நல்ல கேமாக வந்தது. அங்கே ஆதரவாளர்களின் காசு முதலீட்டாளரைத் திறக்கும் சாவியாக வேலை செய்தது.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழுவுக்கு இதில் வேறு அனுபவம். 'ராஜி'க்காக 2017இல் நடத்திய கிக்ஸ்டார்ட்டர் இலக்கை எட்டவில்லை. பிறகு எபிக் நிறுவனத்தின் மானியம் கிடைத்து 2020இல் கேம் வெளியானது. தோற்ற திரட்டலாலும் ஒரு கேமை உலகம் பார்க்க வைக்க முடியும்.

எர்லி ஆக்சஸ் என்ற பாதி முடிந்த நிலையில் வாங்கினால், கேமின் உள்ளேயே கை வைக்க முடிகிறது. 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் முதல் அங்கத்தை மட்டும் விற்று, ஏறக்குறைய மூன்று வருடம் ஆட்டத் தரவையும் கருத்தையும் வைத்துத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுதாக வந்தது. ஆனால் கருத்துச் சொல்வதில் நம்மில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்கிறோம். பிரச்சினையைச் சொல்லாமல் தீர்வைச் சொல்கிறோம். இரண்டு குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"வில் ரொம்ப பலவீனம். வலிமையைக் கூட்டுங்கள்."

"பதிப்பு 0.4.2. சுரங்கத்தின் மூன்றாவது அறை. வில்லோடு ஆறு முறை போனேன், ஆறு முறையும் செத்தேன். அம்பு நாணில் ஏறுவதற்குள் ஓநாய் இரண்டு முறை கடித்துவிடுகிறது. கடிக்கப் போவதற்கு அறிகுறி எதுவும் கண்ணில் படவில்லை. வாளோடு போனால் முதல் முறையே தாண்டிவிட்டேன்."

முதலாவதைப் படிக்கும் வடிவமைப்பாளர் வில்லின் எண்ணை ஏற்றலாம், அதனால் மற்ற எல்லா அறைகளும் சப்பென்று ஆகும். இரண்டாவதைப் படித்தால், சிக்கல் வில்லில் இல்லை, ஓநாயின் அசைவில் என்று தெரிந்துவிடும். பிழை அறிக்கை என்றால் இதோடு உங்கள் கிராஃபிக்ஸ் அட்டை, இயக்கி எண், லாக் கோப்பு, முடிந்தால் சேமிப்புக் கோப்பு. திரும்பவும் அதே பிழையை வரவைக்கும் படிகளை 1, 2, 3 என்று எழுதுங்கள். வரவைக்க முடியாத பிழையைத் திருத்தவும் முடியாது.

எப்போது சொல்கிறோம் என்பதும் முக்கியம். எர்லி ஆக்சஸின் முதல் மாதங்களில் விதிகளே மாறும். முழுப் பதிப்பான 1.0 நெருங்கும்போது எண்கள் மட்டும்தான் மாறும். ஒருமித்த கருத்து வராத இடத்தில் தேர்வுப் பொத்தானைக் கேளுங்கள். 'டார்க்கஸ்ட் டஞ்சன்' 2015இல் செத்த எதிரிகளின் சடலம் வழியை மறிக்கும் விதியைக் கொண்டுவந்தபோது கடும் எதிர்ப்பு. ஸ்டூடியோ விதியை எடுக்கவில்லை, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளப் பொத்தான் வைத்தது.

வாக்கெடுப்பையே ஆட்சிமுறையாக வைத்திருக்கும் கேமும் உண்டு. ஜாஜெக்ஸ் நிறுவனத்திடம் 2007 ஆகஸ்டில் எடுத்த தன் 'ரூன்ஸ்கேப்' இணைய கேமின் நகல் ஒன்று இருந்தது. 2013இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், ஏறக்குறைய நாலரை லட்சம் வாக்குகள் விழுந்தன, 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' பிறந்தது. அதற்குப் பிறகு புதிதாக எதைச் சேர்க்கவும் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்று வைத்து, 2022இல் அதை 70 ஆகக் குறைத்தார்கள். 2019இல் 'வார்டிங்' என்ற புதிய திறன் அந்தத் தடையைத் தாண்டாமல் தோற்றது. கப்பலோட்டும் திறன் பல சுற்று வாக்கெடுப்பைக் கடந்து 2025 நவம்பரில் வந்தது. இந்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும்: கேமில் ஒருவரோடொருவர் சண்டையிடும் சிறுபான்மை ஆட்டக்காரர்களுக்கான மாற்றங்களை, அந்தப் பக்கமே போகாத பெரும்பான்மையினர் தோற்கடித்ததுண்டு.

எதிர்ப்பும் ஒரு கருவிதான். 2024 மே மாதத்தில் 'ஹெல்டைவர்ஸ் 2' கணினிப் பதிப்புக்கு பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கே திறக்க முடியாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனை நின்றது. சில நாட்களில் 2 லட்சத்துக்கு மேல் எதிர்மறை விமர்சனங்கள், மூன்றே நாளில் அறிவிப்பு வாபஸ். பலித்ததற்குக் காரணம், புகார் அந்த கேமைப் பற்றியது, எழுதியவர்கள் வாங்கியவர்கள், கோரிக்கை ஒன்றே ஒன்று. அதைவிட முக்கியம் பிறகு நடந்தது: கோரிக்கை நிறைவேறியதும் பலர் தங்கள் விமர்சனத்தை மாற்றினார்கள். மாற்றாமல் விட்டால், அடுத்த முறை பணிந்து என்ன பயன் என்று நிறுவனம் நினைக்கும். கேமுக்குச் சம்பந்தமில்லாத கோபத்தை விமர்சனத்தில் கொட்டினால், அந்தக் காலகட்டத்தையே மதிப்பீட்டிலிருந்து நீக்கும் முறையை ஸ்டீம் 2019 முதல் வைத்திருக்கிறது. ஊழியர்களை மிரட்டுவது தவறு என்பதோடு, இருந்த ஒரே வாசலையும் மூடிவிடும். மிரட்டலுக்குப் பிறகு எந்த ஸ்டூடியோவும் மனம் விட்டுப் பேசுவதில்லை.

சட்டத்தின் வழியும் உண்டு. யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் 'தி க்ரூ' கேமின் சர்வர்களை மூடியதும், காசு கொடுத்து வாங்கியவர்களும் விளையாட முடியாமல் போனது. அதிலிருந்து கிளம்பியது 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் குடிமக்களே சட்டம் கேட்கும் வழியான ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சிக்கு ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் கையெழுத்தும், குறைந்தது 7 நாடுகளில் தனித்தனிக் குறைந்தபட்சமும் வேண்டும். 2025 ஜூலை முடிவதற்குள் தாண்டினார்கள். இங்கே கையெழுத்துக்கு நிஜமாகவே எடை உண்டு, ஏனென்றால் ஒன்றியத்துக்குப் பதில் சொல்லும் கடமை சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் ஆர்வத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. சரிபார்ப்பில் கழிந்துவிடும், இயக்கத்துக்கும் கெட்ட பெயர்.

கடைசியாக, தமிழில் கேம் வேண்டும் என்பவர்களுக்கு. வெளியீட்டாளர் ஒரு புதிய திட்டத்தை எடைபோடும்போது, இதைப் போன்ற ஒன்று முன்னால் எப்படி விற்றது என்று பார்ப்பார். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து எடுத்தது, 2024இல் சிறந்த முதல் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. அதை வாங்கிய ஒவ்வொரு பிரதியும், இனி வரும் தமிழ்க் கதை ஒன்றுக்கு ஒப்பீட்டு எண்ணாக நிற்கிறது.

தமிழ் உரையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. கேம் செய்யப் பயன்படும் மென்பொருளை என்ஜின் என்பார்கள். அவற்றில் ஒன்றான யூனிட்டியில், எழுத்தைத் திரையில் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, தமிழ் எழுத்துகளை அடுக்கத் தெரியாதது. கணினியில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்று சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றம் நடக்காமல் கொம்பு பின்னால் ஒட்டிக்கொள்ளும், 'கு' 'கூ' போன்றவை சேராமல் உடைந்து நிற்கும். உரையைத் திரையில் வரும் வரிசைக்கு முன்கூட்டியே மாற்றி, அதற்கேற்ற எழுத்துருவைப் போடுவது குறுக்குவழி. மற்ற என்ஜின்களான கோடோ 4, அன்ரியல் இரண்டும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தடுக்கும் நிரல் நூலகத்தால் அடுக்குவதால் அங்கே சரியான எழுத்துருவே போதும். எனவே ஸ்டூடியோவுக்கு எழுதும்போது எந்த என்ஜின் என்று கேளுங்கள், மெனுவின் முதல் பத்து வரிகளை மொழிபெயர்த்து இணையுங்கள், எழுத்துருவுக்குத் தடையற்ற உரிமம் உள்ள ஒன்றைப் பரிந்துரையுங்கள், நீளமான சொற்கள் பொத்தானுக்குள் அடங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே இந்த ஒரு வரியைத் திரையில் ஏற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: கூடை, பொய், மேளம், கௌதாரி, ஸ்ரீ. ஐந்தும் சரியாக வந்தால் மீதியும் அநேகமாக வரும்.